டம்ளர் சத்தம்

மார்ச் 4

தலைப்பில் என்ன போடுவதென்று தெரியாமல் ஒரு தாளைக் கசக்கி எறிந்தாயிற்று. ‘அன்புள்ள கணவருக்கு’ என்று எழுதிப் பார்த்தேன். யாரோ பக்கத்து வீட்டுக்காரியின் கணவருக்கு எழுதுகிற மாதிரி இருந்தது. அதனால் ஒன்றும் போடவில்லை. உறையின் மேல் மட்டும் உங்கள் பெயரை முழுசாக எழுதினேன். கை கூசியது.

போனை எடுக்க மாட்டேன் என்று முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறீர்கள். சரி, உட்காருங்கள். ஆனால் இந்தக் கடிதத்துக்குப் பதில் போட்டே ஆகவேண்டும். இது நான் கேட்பது இல்லை, வக்கீலம்மா கேட்பது. உங்களுக்கு விசா மறுத்ததை எதிர்த்து மறுபடியும் விசாரிக்கச் சொல்லி மனுப் போட்டிருக்கிறார். நம்முடையது நிஜக் கல்யாணம்தான் என்று நம்பவைக்க இன்னும் சாட்சி வேண்டுமாம். போனில் பேசிய பட்டியலைத்தான் கொடுத்தோமே என்றேன். “பேசினீங்கன்னு தெரியுது, என்ன பேசினீங்கன்னு தெரியலையேம்மா” என்கிறார். ஆகவே கையால் எழுதிய கடிதம், தேதியோடு, தபால் முத்திரை விழுந்த உறையோடு வேண்டும். மொழிபெயர்த்துக் கோப்பில் சேர்ப்பார்கள். பார்த்து எழுதுங்கள், மூன்றாவது ஆள் படிக்கப்போகிற கடிதம்.

மறுத்ததற்கான காரணத்தை எழுத்தில் அனுப்பியிருக்கிறார்கள். வக்கீலம்மா படித்து அர்த்தம் சொன்னார். மனைவி தன்னை எப்படி அழைப்பார் என்று உங்களால் சரியாகச் சொல்ல முடியவில்லையாம். மனைவியை நீங்கள் எப்படி அழைப்பீர்கள் என்பதற்கும் பதில் இல்லையாம். கல்யாணப் படத்தில் இருவரும் முன்பின் தெரியாதவர்கள் மாதிரி விலகி நிற்கிறார்களாம். இதைப் படிக்கும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஏங்க, வாயில் ஒரு பெயரா வரவில்லை? கண்ணு, தங்கம், செல்லம், எதையாவது சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா?

முதலில் இந்த நாட்டுக்கு வந்த அண்ணன், விசா எடுத்து அப்பாவைக் கூப்பிட்டுக்கொண்டார். எனக்குக் கல்யாணம் ஆகும் முன்னே அப்பா என்னைக் கூப்பிட்டுக்கொண்டார். இங்கே நிரந்தரமாகத் தங்கும் உரிமை கைக்கு வந்த பிறகு நான் ஊருக்கு வந்து உங்களைக் கட்டிக்கொண்டேன். ஒரு மாதம் சொச்சம் உங்களோடு இருந்தேன். திரும்பி வந்த நாளிலிருந்து உங்களைக் கூப்பிட அலைகிறேன், நாலு வருஷம் ஆகப்போகிறது. அண்ணனும் அப்பாவும் வேறு ஊரில் ஒரே வீட்டில் இருக்கிறார்கள். நான் இங்கே ஒரு வாடகை அறையில் ஒற்றையாக இருக்கிறேன். இதையெல்லாம் உங்களுக்கா எழுதுகிறேன், கோப்புக்கா எழுதுகிறேன் என்று எனக்கே புரியவில்லை.

முடிவில் என்ன போடுவதென்றும் தெரியவில்லை.

நான்


மார்ச் 26

இதைப் படிக்கப்போகும் அதிகாரி அவர்களுக்கு வணக்கம். பக்கத்தில் என் மனைவி இருந்தால் அவளும் படிக்கலாம்.

உன் கடிதம் கிடைத்தது. கோர்ட்டு நோட்டீஸ் மாதிரி இருந்தது. நான் பதில் சொல்லவில்லை என்று எழுதியிருக்கிறார்களா? அது பொய். நடந்ததை நடந்தபடி சொல்கிறேன், கேட்டுக்கொள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு அதிகாரி அம்மா. அவர் பக்கத்தில் மொழிபெயர்க்க ஒரு ஆள்.

“உங்க மனைவி உங்களை என்னன்னு கூப்பிடுவாங்க?”

“ஏங்கன்னு கூப்பிடுவா.”

அந்த ஆள் விழித்தான். “ஏங்கன்னா அதை என்னன்னு சொல்றது?”

“ஏங்கன்னா ஏங்கதான். என்னைத்தான் கூப்பிடுறான்னு எனக்குத் தெரியும்.”

“நீங்க அவங்களை?”

“இந்தா, கேட்டியா, அப்படின்னு ஏதாவது.”

அதை அவன் எப்படித் திருப்பிச் சொன்னானோ, அந்த அம்மா எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டாளா என்று கேட்டார். “பேர் எதுக்குங்க? அவ குரல் குடுத்தா வேற யாரு திரும்பப் போறா?” என்றேன். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தது தப்பாகப் போய்விட்டது. கண்ணாடிக்கு அடியில் இருக்கிற சந்து வழியாக என் பாஸ்போர்ட் வெளியே வந்தது. “திருப்பிக் குடுத்துட்டாங்களா? அப்ப அவ்வளவுதான்” என்றார் வரிசையில் எனக்குப் பின்னால் நின்றவர். விசா ஒட்ட அவர்களே வைத்துக்கொண்டால்தான் நல்லதாம். எனக்கு அதுகூடத் தெரிந்திருக்கவில்லை.

நீ ஒற்றையாக இருக்கிறாய். நான் மட்டும் என்ன, கூட்டத்தோடு இருக்கிறேனா? தம்பி வீட்டில்தான் இருக்கிறேன். போகிற ஆள்தானே என்று என் கட்டிலை எடுத்துவிட்டுப் பிள்ளைகளுக்குப் படிக்கிற மேசை போட்டுவிட்டார்கள். எனக்குக் கூடத்தில் பாய். லிப்ட் கம்பெனியில் மேற்பார்வையாளர் இடம் காலியானது. எனக்குப் பின்னால் வந்து என்னிடம் வேலை கற்றவனுக்குக் கொடுத்தார்கள். “நீங்க போற ஆளுதானேண்ணே” என்று அவனே வந்து சமாதானம் சொல்கிறான். வழியில் பார்க்கிறவனெல்லாம் “எப்ப கிளம்புறீங்க?” நாலு வருஷமாகக் கிளம்பிக்கொண்டே இருக்கிறேன். இங்கே இருக்கிறவன் என்று யாரும் என்னைக் கணக்கில் சேர்ப்பதில்லை. விசா கிடைக்கவில்லை என்று தம்பி பெண்டாட்டிக்கு மட்டும் தெரியும். அவள் அன்றைக்கு ஒன்றும் கேட்கவில்லை, ஒரு கரண்டி சோறு கூடுதலாக வைத்தாள். அதைத்தான் தாங்க முடியவில்லை.

அப்புறம் இன்னொன்று. முந்தின வருஷம் வருகிறேன் என்றாய். டிக்கெட் போட்டாயிற்று என்றாய். மேல்மாடி அறையை ஒழித்து, நானே சுண்ணாம்பு கரைத்து வெள்ளையடித்தேன். கடைசியில் “வரலை” என்று ஒரே ஒரு வார்த்தை. ஏன் என்றால் “வேலை”. இப்போது அந்த அறையில் மூட்டை போட்டு வைத்திருக்கிறார்கள். அதிகாரி அவர்கள் இதையும் கோப்பில் சேர்த்துக்கொள்ளவும்.

இப்படிக்கு,
ஏங்க


ஏப்ரல் 17

என் உயிரினும் மேலான அன்பருக்கு, அடியாள் எழுதிக்கொள்வது. இவ்விடம் நான் நலம். தங்கள் முகம் காணாது என் கண்கள்

இது வக்கீலம்மா ஆபீசில் இருக்கிற பெண் கொடுத்த மாதிரிக் கடிதம். பார்த்து எழுதுங்கள் என்றாள். ‘கண்கள்’ என்பதற்கு மேல் என் கை போகவில்லை. மன்னித்துக்கொள்ளுங்கள்.

நான் என்ன வேலை செய்கிறேன் என்று நீங்கள் ஒரு நாளும் கேட்டதில்லை. ஆஸ்பத்திரியில் வேலை என்று ஊரெல்லாம் சொல்லியிருப்பீர்கள். நர்ஸ் என்றுகூடச் சிலர் நினைத்திருக்கலாம். அடித்தளத்தில் சலவைப் பிரிவு. ஜன்னல் கிடையாது. மெஷினிலிருந்து படுக்கை விரிப்புகள் சூடாக வந்து விழும். இரண்டு பேர் எதிரெதிரே நின்று நான்கு முனையையும் பிடித்து, உதறி, மடித்து, கிட்டே வந்து முனையோடு முனை சேர்க்கவேண்டும். எனக்கு எதிரில் நிற்பவளுக்கு என் பாஷை தெரியாது, எனக்கு அவள் பாஷை தெரியாது. காலையிலிருந்து சாயங்காலம் வரை முகத்துக்கு முகம் வருகிறோம், போகிறோம். நாள் முழுக்க எனக்கு அவ்வளவு கிட்டே வருகிற மனுஷி அவள் ஒருத்திதான். அறைக்கு வந்து என் போர்வையை மடிக்கும்போது ஒரு முனையைத் தாடையால் பிடித்துக்கொள்கிறேன்.

டிக்கெட் போட்டது நிஜம். லீவு கேட்டேன். அப்போதுதான் இந்த வேலையில் சேர்ந்தவளுக்கு அவ்வளவு நாள் தரமுடியாது, போனால் திரும்பி வரும்போது இடம் இருக்காது என்றார்கள். வேலை இல்லையென்றால் உங்களைக் கூப்பிட எனக்குத் தகுதியே இல்லை. வருகிற ஆளை வைத்துக் காப்பாற்றுவேன் என்று வருமானத்தைக் காட்டவேண்டும். உங்களைப் பார்க்க வந்தால் கூப்பிட முடியாது, கூப்பிடவேண்டும் என்றால் பார்க்க வரமுடியாது. நல்ல சட்டம்! போனில் இதைச் சொன்னால் நீங்கள் “சரி, விடு” என்று வைத்துவிடுவீர்கள், நான் அழுதுவிடுவேன். அதனால் வேலை என்று மட்டும் சொன்னேன்.

வெள்ளையடித்தீர்களா? அதை நீங்கள் என்னிடம் சொல்லவே இல்லையே.

நான்


மே 9

முதலில் ஒன்று. இந்தக் கடிதத்தை வக்கீலம்மாவிடம் கொடுக்காதே. இது கோப்புக்கு இல்லை.

போன வாரம் ஒரு பழைய கட்டடத்தில் லிப்ட் இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுவிட்டது. உள்ளே ஒரு அம்மா தனியாக. எங்கள் வேலையில் முதல் பாடமே பேச்சுக் கொடுப்பதுதான். கதவில் வாயை வைத்து, “வந்துட்டோம்மா, பயப்படாதீங்க, கதவைத் தள்ளாதீங்க” என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அப்புறம் மொட்டைமாடியில் இருக்கிற மோட்டார் அறைக்குப் போய், பிரேக்கைத் தளர்த்தி, சக்கரத்தைக் கையால் சுற்றி இறக்கினேன். கதவு திறந்ததும் அந்த அம்மா நன்றி சொல்லுவார் என்று பார்த்தால் என்னைப் பிடித்துக் காய்ச்சுகிறார். “மேல போறேன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போகக் கூடாதாய்யா? பேசிக்கிட்டே இருந்தவன் சத்தத்தையே காணோம். விட்டுட்டுப் போயிட்டேன்னுல்ல நெனச்சேன்!” அன்றைக்குச் சாயங்காலம்தான் உன் கடிதம் வந்தது. போனை எடுக்காமல் இருந்தேனே, அது நினைவுக்கு வந்தது.

கல்யாணப் படத்தைப் பற்றி எழுதியிருந்தாய். “கிட்ட வாங்க” என்றார் படம் எடுத்தவர். நீ ஒரு அடி வந்தாய். எதிரில் பெரியப்பா நின்றதால் நான் ஒரு அடி தள்ளிப்போனேன். அவ்வளவுதான் விஷயம்.

இப்போது நான் எழுதவந்ததை எழுதுகிறேன். அந்த ஒரு மாதம் சொச்சத்தில் நீ “ஏங்க” என்று கூப்பிட்டதே நாலைந்து தடவைதான் இருக்கும். வீடு நிறையச் சொந்தக்காரர்கள், உனக்கு வெட்கம். டீ போட்டுவிட்டு அடுப்படியிலிருந்து ஸ்பூனால் டம்ளரில் ஒரு தட்டுத் தட்டுவாய். எனக்குக் கேட்கும். கேட்காத மாதிரி உட்கார்ந்திருப்பேன். கொஞ்சம் பொறுத்து இரண்டாவது தட்டு விழும், அதில் கோபம் இருக்கும். அதைக் கேட்பதற்காகவே முதல் தட்டுக்கு எழுந்திருக்க மாட்டேன். வீட்டில் எத்தனை பேர் டம்ளரைத் தட்டினாலும் உன்னுடையது எது என்று எனக்குத் தெரிந்தது.

அந்த அதிகாரி கேட்டபோது இது நினைவுக்கு வராமல் இல்லை. நாக்கு நுனிவரை வந்தது. பின்னால் வரிசை நிற்கிறது, பக்கத்தில் அந்த ஆள் வாயைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். அவன் அதை வாங்கி வேறு பாஷையில் சொல்லுவான் என்று நினைத்தேன், மனசு வரவில்லை. அதனால்தான் ஏங்க என்றேன்.

போனை இனி எடுக்கிறேன். ஆனால் நீ எழுதுவதையும் நிறுத்தாதே. போனில் நாம் “சாப்டியா”வைத் தாண்ட மாட்டோம்.


மே 30

உங்கள் கடிதத்தை வேலைக்குப் போகிற பஸ்ஸில் படித்தேன். இறங்கவேண்டிய இடத்தில் இறங்கவில்லை.

இப்போது ஒரு சிக்கல். என் கைப்பையில் உங்கள் உறை எட்டிப் பார்ப்பதை வக்கீலம்மா பார்த்துவிட்டார். “புதுசா வந்திருக்கா? குடுங்க” என்றார். இது வேண்டாம்மா என்றேன்.

“அதுல என்ன இருக்கு?”

“எங்க விஷயம் இருக்கு.”

“உங்க விஷயம்தாம்மா எனக்கு வேணும். இதுவரைக்கும் வந்ததெல்லாம் சண்டைதான். சண்டை போடுறவங்களுக்கு எதுக்கு விசான்னு கேட்டா நான் என்ன சொல்ல?”

அவர் நல்லவர்தான். எனக்காகத்தான் கேட்கிறார். கைப்பையை மடியில் அழுத்திப் பிடித்துக்கொண்டேன், குழந்தை மாதிரி. அவர் சிரித்துவிட்டு, ஜூலைக் கடைசிக்குள் சொல்லுங்கள் என்று அனுப்பிவிட்டார்.

நீங்களே சொல்லுங்கள். கொடுத்தால் நீங்கள் வந்துவிடலாம். கொடுத்தால் மொழிபெயர்க்கிற யாரோ ஒரு பெண் மேசைமுன் உட்கார்ந்து, டம்ளரை என்ன சொல்லுவது, ஸ்பூனை என்ன சொல்லுவது என்று அகராதி பார்ப்பாள். மேலே ஒரு எண் போட்டு முத்திரை குத்துவார்கள். நாம் இருந்த அந்தக் கொஞ்ச நாளில் எனக்கென்று மிஞ்சியது அது ஒன்றுதான். ஆனால் அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நான் இங்கே கிழவியாகிவிட்டால் என்ன பிரயோஜனம்?

வேண்டாம் என்றால் வேண்டாம். விசாவே போனாலும் உங்கள்மேல் பழி போட மாட்டேன். கொஞ்ச நாள் போடுவேன்.

நான்


ஜூன் 18

கொடுக்காதே.

மற்றதையெல்லாம் கொடு. நான் கோபித்தது, நீ திட்டியது, உன் சலவைக் கதை, எல்லாம் போகட்டும். அதை மட்டும் கொடுக்காதே. இரண்டாம் தடவையும் பாஸ்போர்ட்டைத் திருப்பித் தந்தார்கள் என்றால் வாங்கிக்கொண்டு வருகிறேன்.

மூட்டையையெல்லாம் ஒதுக்கிவிட்டு மேல்மாடி அறையில் படுக்க ஆரம்பித்திருக்கிறேன். சுண்ணாம்பு இன்னும் உதிரவில்லை.


ஜூலை 24

கடிதம் என் பெட்டிக்குள் இருக்கிறது. வக்கீலம்மாவிடம் தரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். உதட்டைப் பிதுக்கினார்.

மறுவிசாரணைக்குத் தேதி வந்திருக்குமே. போனில் சொன்னதையே இங்கும் எழுதுகிறேன், மறந்துவிடாதீர்கள். வெள்ளைச் சட்டை போடுங்கள். சிரிக்காதீர்கள். மறுபடியும் அந்தக் கேள்வி கேட்டால் “தங்கம்னு கூப்பிடுவேன்” என்று சொல்லுங்கள். நான் உங்களை ராஜா என்று கூப்பிடுவதாகச் சொல்லுங்கள். நானும் அதையே எழுதிக் கொடுத்திருக்கிறேன். கடிதத்தில் ஏங்க என்று இருக்கிறதே என்றதற்கு, தனியாக இருக்கும்போது ராஜா என்றேன், வக்கீலம்மாவே நம்பிவிட்டார். பொய்தான். ஆனால் அவர்களுக்குப் புரிகிற பொய். கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பழகுங்கள்.

அண்ணன் போன் செய்தார். இந்தத் தடவையும் இல்லையென்றால் எனக்கு வேறு யோசனை பண்ணவேண்டும் என்றார். இந்தக் கல்யாணத்தை முறித்துவிட்டு வேறு இடம் பார்ப்பதைத்தான் அப்படிச் சொல்கிறார். அப்பா பக்கத்தில் இருமிக்கொண்டிருந்தார்.

பயமாக இருக்கிறது. இந்தக் கடிதமும் கோப்புக்கு வேண்டாம்.

நான்


செப்டம்பர் 11

இதைப் போனில் சொல்ல முடியாது. நீ ‘என்னாச்சு, என்னாச்சு’ என்று கேட்டும் “எழுதுறேன்” என்று வைத்தது அதனால்தான்.

இந்தத் தடவை அதிகாரி ஒரு வயசானவர். மொழிபெயர்க்க ஒரு பெண். உன் வேலை, உன் சம்பளம், உன் அண்ணன் குடும்பம், எல்லாம் கேட்டார்கள். சலவைப் பிரிவில் ஜன்னல் இல்லை என்பதுவரை சொன்னேன். நன்றாகத்தான் போனது. அப்புறம் அதே கேள்வி. “உங்க மனைவி உங்களை எப்படிக் கூப்பிடுவாங்க?”

ராஜா என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். பத்து நாளாகக் கண்ணாடி முன்னால் சொல்லிப் பழகினேன், தம்பி பிள்ளைகள் சிரித்தார்கள். அங்கே வரவில்லை. யாரோ ஒரு ராஜாவுக்கு நான் விசா வாங்குகிற மாதிரி இருந்தது. அதிகாரி பேனாவோடு காத்திருக்கிறார். இன்னும் கொஞ்சம் போனால் பாஸ்போர்ட் சந்து வழியாக வந்துவிடும்.

சட்டைப் பையில் ஒரு காசு கிடந்தது. எடுத்தேன். கண்ணாடியில் ஒரு தட்டுத் தட்டினேன். நிறுத்தினேன். அப்புறம் இன்னொரு தட்டு, கொஞ்சம் கோபமாக.

அதிகாரி அந்தப் பெண்ணைப் பார்த்தார். அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். “நான் என்னங்க சொல்லட்டும்?”

“அவ டீ டம்ளரைத் தட்டுவா. அதான் கூப்பிடுறது. முதல் தட்டுக்குப் போக மாட்டேன், ரெண்டாவதுக்குத்தான் போவேன்.”

அவள் அதைச் சொன்னாள். அவர் ஏதோ கேட்டார்.

“முதல் தட்டுக்கே ஏன் போக மாட்டீங்கன்னு கேக்கிறாரு.”

“இன்னொரு வாட்டி கூப்பிடட்டும்னுதான்.”

அந்தப் பெண் மூக்கைத் துடைத்துக்கொண்டு அப்புறம் சொன்னாள். அவர் எழுதிக்கொண்டார். நான் சந்துக்குக் கீழே கையை நீட்டிக்கொண்டு பாஸ்போர்ட்டுக்காக நிற்கிறேன். “நீங்க போகலாங்க” என்றாள். பாஸ்போர்ட் வரவில்லை. வைத்துக்கொண்டார்கள்.

சந்தோஷப்பட வேண்டியதுதானே? பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்து அழுதேன். பக்கத்திலிருந்தவர் “கிடைக்கலையா தம்பி?” என்றார். கிடைச்சிருச்சுங்க என்றேன். அவர் எழுந்து தள்ளிப்போய் நின்றுகொண்டார். உன்னிடம் கொடுக்காதே என்று சொல்லிவிட்டு நானே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேனே. வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்டிருக்கும். நீ எவ்வளவு கோபித்தாலும் நியாயம்தான்.


செப்டம்பர் 29

வக்கீலம்மா போன் செய்து வாழ்த்துச் சொன்னார். விசா ஒட்டிப் பாஸ்போர்ட் உங்கள் கைக்கு வந்துவிடுமாம். நான் எழுதிக் கொடுத்த அந்த ராஜாவை என்ன செய்வது என்று கேட்டேன். “அதான் அவரே போட்டு உடைச்சுட்டாரேம்மா” என்று சிரித்தார். அறைக்கு வந்து உங்கள் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன்.

கோபம் இல்லை. நீங்கள் தட்டியது காசு, தட்டியது கண்ணாடியில். அந்தச் சத்தம் வேறு. அதை அவர்களே வைத்துக்கொள்ளட்டும். டம்ளர் இங்கே என்னிடம்தான் இருக்கிறது, ஊரிலிருந்து பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தேன்.

உங்களிடம் இதுவரை எழுதாத ஒன்று உண்டு. எழுதினால் கோப்புக்காகச் சோடித்தது போல ஆகிவிடும் என்று எழுதவில்லை. இப்போது கோப்பை மூடிவிட்டார்கள், எழுதலாம். ஊரிலிருந்து இங்கே திரும்பி வந்த முதல் நாளிலிருந்து, டீ போட்டால் ஸ்பூனால் டம்ளரில் ஒரு தட்டுத் தட்டிவிடுகிறேன். வேண்டுமென்று செய்வது இல்லை, கை அதுவாகவே போகிறது. பக்கத்து அறைக்காரி ஒருநாள் எட்டிப் பார்த்து, யாரைக் கூப்பிடுகிறாய் என்று சைகையில் கேட்டாள். ஒன்றுமில்லை என்று தலையாட்டினேன். தட்டிவிட்டு நானே எடுத்துக் குடித்துவிடுவேன்.

இத்தனை வருஷத்தில் இரண்டாவது தட்டுத் தட்டியதே இல்லை. அதற்கும் யாரும் வரவில்லையென்றால் நான் என்ன செய்வது?

விமானத்தில் ஜன்னல் பக்கம் கேளுங்கள். கனமான ஸ்வெட்டர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். வந்ததும் நாம் என்ன பேசுவோம், எப்படி இருப்போம் என்றெல்லாம் எனக்குத் தெரியவில்லை. அது கிடக்கட்டும். முதல் நாள் டீ போட்டுவிட்டு அடுப்படியிலிருந்து தட்டுவேன். அந்த முதல் தட்டுக்கு மட்டும் எழுந்து வந்துவிடாதீர்கள்.